சோற்றில் தொடங்கிய ஆராய்ச்சி: பெரிபெரி நோயும் மலாயாவின் புழுங்கல் அரிசியும்

மூன்று வேளையும் வயிறு நிறையச் சோறு சாப்பிடும் ஒருவர் அந்தச் சோற்றாலேயே நோயுற்று இறக்க முடியுமா? முடியும் என்பதை நூறு ஆண்டுகளுக்கு முன்னர் நம் மலாயா மண்ணில் நடந்த ஆராய்ச்சிகள் உலகுக்கு எடுத்துக் காட்டின. அந்த ஆராய்ச்சிகளில் தமிழர்கள் சாப்பிட்ட அரிசிக்கு முக்கியமான இடம் உண்டு. ஆனால், நம்மில் பலருக்கு இது தெரியாது.

வளரும் நாடுகளில் மக்களின் உடல்நலம், உணவு, வருமானம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. இந்தச் சிக்கலை அவிழ்க்க மக்கள் வாழும் இடத்திற்கே சென்று செய்யப்படும் ஆய்வுகளைப் 'பயன்பாட்டு ஆய்வு' என்கிறோம். நான் சத்துணவுத் துறையில் இறுதியாண்டு மாணவன். எங்கள் பாடத்தில் இதற்கு எடுத்துக்காட்டாகக் கென்யாவும் குவாத்தமாலாவும் வரும். அவை சிறந்த எடுத்துக்காட்டுகளே. ஆயினும் கோலாலம்பூரிலும், அங்கிருந்து பேருந்தில் போய் வரக்கூடிய தூரத்திலுள்ள ஜெலுபுவிலும் நடந்த ஆய்வுகள் அவற்றிற்குச் சற்றும் குறைந்தவை அல்ல. தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டும் பின்னர் தேசிய இடைநிலைப்பள்ளியிலும் படித்த நான், பல்கலைக்கழக நூலகத்திற்கு வந்த பிறகுதான் இவற்றைப் பற்றிப் படித்தேன். படித்ததைத் தமிழில் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெரிபெரி என்னும் நோய்

பெரிபெரி முதலில் காலைத் தாக்கும். பாதம் மரத்துப் போகும். பின்னர் கால்கள் வலுவிழந்து நடக்க முடியாமல் போகும். இன்னொரு வகையில் கால்கள் வீங்கும், மூச்சு வாங்கும், இதயம் பலவீனப்பட்டு நோயாளி திடீரென்று இறந்து விடுவார். வேலை செய்யும் வயதிலிருந்த இளைஞர்களே பெரும்பாலும் இதற்குப் பலியானார்கள்.

இந்நோய் பழமையானதுதான். ஆனால், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆசியா முழுவதும் அது பெருகியதற்கு ஒரு பொருளாதாரக் காரணம் இருந்தது. அதற்கு முன்னர் கிராமங்களில் நெல்லை உரலில் இட்டுக் குத்தி உண்டார்கள். குத்திய அரிசியில் தவிடு ஓரளவு ஒட்டியிருக்கும். நீராவி ஆலைகள் வந்த பிறகு ரங்கூன், பாங்காக், சைகோன் ஆகிய துறைமுகங்களிலிருந்து தீட்டிய வெள்ளை அரிசி மூட்டை மூட்டையாக ஏற்றுமதியானது. தவிட்டில் எண்ணெய் இருப்பதால் அது விரைவில் சிக்குப் பிடிக்கும். தவிடு நீங்கிய வெள்ளை அரிசியோ கப்பலிலும் கிடங்கிலும் பல மாதம் தாங்கும். ஆகவே சுரங்கம், சிறைச்சாலை, கப்பல், இராணுவ முகாம் என்று ஒரே இடத்தில் நிறையப் பேருக்கு மலிவாகச் சோறு போட வேண்டிய இடங்களிலெல்லாம் அதுவே உணவாயிற்று. பெரிபெரியும் அதே இடங்களில்தான் தலைவிரித்தாடியது.

உணவுக்கும் இந்நோய்க்கும் தொடர்பு உண்டு என்ற ஐயம் முன்பே எழுந்திருந்தது. 1883-இல் நீண்ட பயணம் சென்று திரும்பிய 'ரியூஜோ' என்ற ஜப்பானியப் போர்க்கப்பலில் 376 பேரில் 169 பேருக்குப் பெரிபெரி கண்டது. 25 பேர் இறந்தனர். கடற்படை மருத்துவர் தாக்காகி கனெஹிரோ 1884-இல் அதே கடல்வழியில் இன்னொரு கப்பலை உணவை மட்டும் மாற்றி அனுப்பினார். அதில் பெரிபெரியால் ஒருவரும் இறக்கவில்லை. ஜாவாவில் டச்சு மருத்துவர் ஐக்மன், வெள்ளை அரிசிச் சோறு தின்ற கோழிகளுக்குப் பெரிபெரி போன்ற நோய் வருவதை 1890-களில் கண்டார். எனினும், அக்காலத்தில் கிருமிக் கொள்கையே மருத்துவ உலகை ஆட்சி செய்தது. பெரிபெரிக்கும் ஒரு கிருமி இருக்கும், அது கட்டடத்தின் தரையிலோ ஈரத்திலோ ஒளிந்திருக்கும் என்றே பலர் நம்பினார்கள்.

ஒரே மலாயா, மூன்று அடுப்பு

அக்கால மலாயாவில் ஈயச்சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியால் கூட்டம் கூட்டமாக மடிந்தார்கள். அதே நாட்டில், அதே வெப்பத்தில், அதே மழையில் வேலை செய்த தமிழர்களுக்கு அந்நோய் மிக அரிதாகவே வந்தது. கம்பத்தில் வாழ்ந்த மலாய்க்காரர்களையும் அது அதிகம் தொடவில்லை. ஏன்?

நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராக இருந்த பிராடன், அவரவர் அடுப்பில் என்ன வேகிறது என்று பார்த்தார். சீனர்கள் சாப்பிட்டது சயாமிலிருந்தும் ரங்கூனிலிருந்தும் வந்த தீட்டிய பச்சரிசி. மலாய்க்காரர்கள் தாங்கள் விளைவித்த நெல்லை அவ்வப்போது குத்திச் சாப்பிட்டார்கள். தமிழர்கள் சாப்பிட்டது இந்தியாவிலிருந்து வந்த புழுங்கல் அரிசி. பிராடன் இதனை 1907-இல் ஒரு நூலாகவே எழுதினார்.

அவருடைய கவனிப்பு சரி. ஆனால், அவர் தந்த விளக்கம் தவறு. பச்சரிசி நாள்பட இருக்கும்போது அதில் ஏதோ ஒரு நஞ்சு உண்டாகிறது என்று அவர் எண்ணினார். மேலும், கவனிப்பு மட்டுமே ஆதாரமாகிவிடாது. சீனர்களும் தமிழர்களும் அரிசியில் மட்டுமா வேறுபட்டார்கள்? வேலை வேறு, குடியிருப்பு வேறு, கறி வேறு. இவற்றில் எது காரணம் என்று எப்படித் தெரியும்? இங்கேதான் சோதனை தேவைப்படுகிறது.

ஒற்றை எண், இரட்டை எண்

கோலாலம்பூரில் அப்போது ஒரு மனநோயாளர் காப்பகம் இருந்தது. அங்கும் பெரிபெரி பரவியிருந்தது. வில்லியம் பிளெட்சர் என்ற மருத்துவர் 1905 டிசம்பரில் அங்கே ஒரு சோதனையைத் தொடங்கினார். நோயாளிகளை வரிசையில் நிற்க வைத்து எண்ணினார். ஒற்றை எண் வந்தவர்கள் ஒரு பிரிவு, இரட்டை எண் வந்தவர்கள் மற்றொரு பிரிவு. ஒரு பிரிவினருக்குத் தீட்டிய பச்சரிசி, மற்றப் பிரிவினருக்குப் புழுங்கல் அரிசி. மற்ற உணவு வகைகள் இரு பிரிவினருக்கும் ஒன்றே.

பாதி ஆண்டு கடந்ததும் பிளெட்சர் இன்னொரு காரியம் செய்தார். இரு பிரிவினரும் தங்கியிருந்த கட்டடங்களை மாற்றினார், அரிசியை மாற்றவில்லை. கட்டடத்தில் கிருமி இருந்தால் நோய் கட்டடத்தோடு நின்றிருக்க வேண்டும். ஆனால், நோய் அரிசியைப் பின்தொடர்ந்து போனது.

1906-இன் முடிவில் கணக்குப் பார்த்தபோது, பச்சரிசி உண்ட 120 பேரில் 18 பேர் பெரிபெரியால் இறந்திருந்தனர். புழுங்கல் அரிசி உண்ட 123 பேரில் அந்நோயால் ஒருவரும் இறக்கவில்லை. அப்பிரிவில் பெரிபெரி கண்டிருந்த இருவரும் காப்பகத்திற்கு வரும்போதே அந்நோயோடு வந்தவர்கள்.

இன்று வளரும் நாடுகளில் ஒரு திட்டம் பயன் தருகிறதா என்று அறிய, மக்களைக் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்து ஒப்பிடுகிறார்கள். இம்முறையை வறுமை ஒழிப்பில் பயன்படுத்தியதற்காகவே 2019-இல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரெமர் ஆகிய மூவரும் பொருளாதார நோபல் பரிசு பெற்றார்கள். பிளெட்சரின் ஒற்றை, இரட்டை எண்ணிக்கை முழுமையான குலுக்கல் இல்லை என்றாலும், அதே எண்ணத்தின் ஆரம்ப வடிவம் எனலாம்.

ஜெலுபு காட்டில் முந்நூறு பேர்

காப்பகத்தில் கிடைத்த முடிவு வெளியிலும் பொருந்துமா? கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டான்டனும் இதற்கு விடை தேடினார்கள். 1907-இல் ஜெலுபு மாவட்டத்துக் காட்டில் சாலை போடும் வேலைக்கு வந்திருந்த ஏறக்குறைய 300 ஜாவானியத் தொழிலாளர்களை அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். இடம் புதியது, குடிசைகளும் புதியவை. பழைய கட்டடத்தின் கிருமி என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை.

ஒரு குழுவுக்கு வெள்ளை அரிசி, மற்றொரு குழுவுக்குப் புழுங்கல் அரிசி. ஏறக்குறைய மூன்று மாதம் ஒன்றும் நடக்கவில்லை. அதன் பிறகு வெள்ளை அரிசிக் குழுவில் பெரிபெரி தோன்றியது. மற்றக் குழுவில் தோன்றவில்லை. பின்னர் அரிசியை மாற்றிக் கொடுத்தார்கள். முதல் குழுவில் நோய் நின்றது. இதுவரை நலமாயிருந்த இரண்டாம் குழுவில் நோய் தலைகாட்டியது.

அதோடு அவர்கள் நிற்கவில்லை. கழகத்திற்குத் திரும்பிக் கோழிகளை வைத்து ஆராய்ந்தார்கள். நஞ்சுதான் காரணம் என்றால் புதிதாகத் தீட்டிய அரிசி தீங்கு செய்யக்கூடாது. ஆனால், அதைத் தின்ற கோழிகளும் நோயுற்றன. வெள்ளை அரிசியோடு தவிட்டைச் சேர்த்துக் கொடுத்தபோது கோழிகள் நலமாக இருந்தன. ஆக, அரிசியில் கெட்டது ஒன்று சேரவில்லை. நல்லது ஒன்று கழிந்து போகிறது. ஜாவாவில் கிரைன்ஸ் என்ற டச்சு மருத்துவர் 1901-லேயே இக்கருத்தைச் சொல்லியிருந்தார். மலாயாவின் சோதனைகள் அதை மனிதர்களிடத்திலும் உறுதிப்படுத்தின. 1910-இல் மணிலாவில் கூடிய தூரகிழக்கு வெப்பமண்டல மருத்துவ மாநாடு, வெள்ளை அரிசியைத் தொடர்ந்து முதன்மை உணவாக உண்பதோடு பெரிபெரி தொடர்புடையது என்று தீர்மானித்தது.

கழிந்து போகும் அந்தப் பொருளுக்குத் 'தயாமின்' என்றும் 'வைட்டமின் பி1' என்றும் பின்னர் பெயர் வந்தது. 1926-இல் ஜான்சன், டோனாத் ஆகிய இருவர் ஜாவாவில் அதைத் தவிட்டிலிருந்து பிரித்தெடுத்தார்கள். 1936-இல் ராபர்ட் வில்லியம்ஸ் அதைச் செயற்கையாகத் தயாரிக்கும் வழி கண்டார்.

நெல்லை அவிக்கும்போது நடப்பது என்ன?

நெல்லைத் தண்ணீரில் ஊறவைத்து, ஆவியில் அவித்து, உலர்த்தி, அதன் பின்னர் குத்தினால் கிடைப்பது புழுங்கல் அரிசி. தயாமின் நீரில் கரையக்கூடியது. நெல் ஊறி அவியும்போது, மேலுறையிலும் முளைப்பகுதியிலும் உள்ள தயாமினில் ஒரு பகுதி அரிசியின் உள்ளே இறங்குகிறது. சூட்டில் மாவுச்சத்து பசைபோல் இறுகி அதனை உள்ளேயே பிடித்துக்கொள்கிறது. இதனால் ஆலையில் தீட்டிய பிறகும் சத்து மிஞ்சுகிறது. பச்சரிசியில் சத்து மேற்பகுதியிலேயே இருப்பதால் தவிட்டோடு போய்விடுகிறது.

மாவுச்சத்தை உடல் ஆற்றலாக மாற்றுவதற்குத் தயாமின் தேவை. நாம் எவ்வளவு சோறு சாப்பிடுகிறோமோ அவ்வளவுக்கு அது தேவைப்படும். உடலோ அதை மிகக் குறைவாகவே சேமித்து வைக்கிறது. ஆகவேதான் நிறையச் சோறும் கொஞ்சம் கருவாடும் என்று வாழ்ந்த உழைப்பாளிகளை அந்நோய் முதலில் தாக்கியது. ஜெலுபுவில் சில மாதங்களிலேயே அது வெளிப்பட்டதற்கும் இதுவே காரணம்.

நாம் பெருமைப்படலாமா?

இந்த இடத்தில் நம் மேடைகளில் அடிக்கடி கேட்கும் ஒரு வாக்கியம் நினைவுக்கு வருகிறது: "நம் முன்னோர்கள் இதையெல்லாம் அன்றே அறிந்திருந்தார்கள்." இந்த ஒரு விஷயத்தில் அந்த வாக்கியத்தைச் சொல்ல எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

அவித்த நெல்லில் உமி எளிதாகக் கழலும். குத்தும்போது அரிசி அதிகம் நொறுங்காது. பூச்சியும் எளிதில் அரிக்காது. சோறும் குழையாது. தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் பாட்டியைக் கேட்டால், "பச்சரிசிச் சோறு தின்னா மத்தியானத்துக்குள்ள பசிச்சிடும்யா" என்பார். பச்சரிசி அவருக்குப் பொங்கலுக்கும் மாவுக்கும் உரியது. இவையெல்லாம் பட்டறிவில் விளைந்த நல்ல காரணங்கள். ஆனால், இவற்றில் பெரிபெரி இல்லை. அந்நோயை அறியாமலே நாம் அதிலிருந்து தப்பித்தோம். அன்றைய சென்னை மாகாணத்திலேயே இதற்குச் சான்று உண்டு. பச்சரிசி உண்ட வடக்குக் கடலோரத் தெலுங்கு மாவட்டங்களில் பெரிபெரி இருந்தது. புழுங்கல் அரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் அது அரிது. வேறுபாடு அரிசியில் இருந்தது, இனத்தில் இல்லை.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. பெரிபெரியிலிருந்து தப்பிய நம் தோட்டத்து முன்னோர்கள் மலேரியாவிலிருந்து தப்பவில்லை. காடழித்து அமைத்த தோட்டங்களில் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் கொக்கிப்புழுவும் ஆயிரக்கணக்கானோரின் உயிரைக் குடித்தன. புழுங்கல் அரிசி ஒரு நோய்க்குக் கேடயமாக இருந்தது, அவ்வளவுதான்.

சோதிக்கப்பட்டவர்கள் யார்?

இந்த ஆய்வுகளைப் படிக்கும்போது வியப்போடு ஒரு நெருடலும் எழுகிறது. காப்பகத்தில் இருந்தவர்கள் மனநோயாளிகள். ஜெலுபுவில் இருந்தவர்கள் ஒப்பந்தத்தில் கட்டுண்ட கூலிகள். மறுக்கக்கூடிய நிலையில் இருந்தவர்களாக இவர்களை நினைக்க முடியவில்லை. அந்தப் 18 பேரின் பெயரை எந்தப் பாடநூலிலும் நான் பார்த்ததில்லை. பிளெட்சரின் பெயரும் பிரேசரின் பெயரும் மட்டும் நிலைத்துவிட்டன.

அன்று எந்த அரிசி கெட்டது என்று உறுதியாக யாருக்கும் தெரியாது என்று வாதிடலாம். இன்று அந்த வாதம் எடுபடாது. ஆய்வுக்கு உட்படுபவரின் சம்மதம் வேண்டும், நெறிக்குழுவின் அனுமதி வேண்டும், ஆய்வின் பயன் அந்த மக்களுக்கும் கிடைக்க வேண்டும். 1964-இன் ஹெல்சிங்கிப் பிரகடனம் மருத்துவ ஆய்வுக்கான நெறிகளை வகுத்த முக்கியமான ஆவணம். எங்கள் துறையில் பத்துப் பேரிடம் வினாநிரல் கொடுப்பதற்கும் படிவம் நிரப்ப வேண்டும். மாணவர்கள் அலுத்துக்கொள்வதுண்டு. அந்தப் படிவத்தின் பின்னால் இத்தகைய பெயரற்றவர்கள் நிற்கிறார்கள் என்பதை நினைத்தால் அலுப்பு குறையும்.

விடை தெரிந்த பிறகும்

காரணம் தெரிந்துவிட்டது, தீர்வும் எளிது. அப்படியானால் நோய் உடனே ஒழிந்திருக்க வேண்டும் அல்லவா? ஒழியவில்லை. சிறைச்சாலையிலும் மருத்துவமனையிலும் அரசாங்கம் அரிசியை மாற்ற முடிந்தது. வெளியே இருந்த மக்கள் அப்படி எளிதில் மாறவில்லை. பழகாதவர்களுக்குப் புழுங்கல் அரிசியின் வாடை பிடிக்காது. அதன் மங்கிய நிறம் தாழ்ந்த தரமாகத் தோன்றும். வெள்ளைச் சோறு வசதியின் அடையாளமாக இருந்தது.

பிலிப்பைன்சின் அனுபவம் இன்னும் தெளிவான பாடம். 1940-களின் இறுதியில் பத்தான் மாநிலத்தில் வெள்ளை அரிசியோடு தயாமின் சேர்த்த அரிசியைக் கலந்து விற்றுப் பார்த்தார்கள். பெரிபெரி மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. 1952-இல் அதற்குச் சட்டமும் வந்தது. ஆனால், ஆலைக்காரர்கள் ஒத்துழைக்கவில்லை. கலக்க வேண்டிய அரிசியை எவ்வளவு வாங்கினார்கள் என்று பார்த்தால், ஆலை எவ்வளவு அரைத்தது என்பது தெரிந்துவிடும். வரிக் கணக்கும் வெளியே வந்துவிடும். மருத்துவ ஆய்வில் வென்ற திட்டம் கணக்குப் புத்தகத்திடம் தோற்றது.

இது பழங்கதை என்றும் தள்ளிவிட முடியாது. தாய்லாந்து-மியன்மார் எல்லையிலுள்ள கரேன் அகதி முகாமில் 1980-களின் இறுதியில் கைக்குழந்தைகள் மூன்று மாத வயதில் திடீர் திடீரென்று இறந்தன. தாய்ப்பாலில் தயாமின் போதாததே இம்மரணங்களுக்கு முதன்மையான காரணம் என்று கண்டார்கள். நோயை உணர்ந்து தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் தயாமின் கொடுத்த பிறகு, குழந்தை இறப்பு ஆயிரத்துக்கு 183-லிருந்து 78-ஆகக் குறைந்தது. கம்போடியாவிலும் இந்தக் குறை இன்னும் உள்ளது. அங்கே அரிசியை மாற்றச் சொல்லவில்லை. மக்கள் தினமும் ஊற்றிக்கொள்ளும் மீன் சாற்றிலும், பின்னர் உப்பிலும் தயாமினைக் கலந்து சோதித்தார்கள். பழக்கத்தை எதிர்க்காமல் பழக்கத்தின் வழியாகவே சத்தைக் கொண்டுபோகும் இந்த முயற்சி, பிலிப்பைன்ஸ் கற்றுத்தந்த பாடத்தின் தொடர்ச்சி என்றே எனக்குப் படுகிறது.

நமக்கான கேள்வி

நல்ல பயன்பாட்டு ஆய்வு மூன்று படிகளைக் கடக்க வேண்டும் என்பது நான் இதிலிருந்து கற்றது. முதலில், யாருக்கு நோய் வருகிறது, யாருக்கு வரவில்லை என்று கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும். அடுத்து, நம் ஊகத்தை நேர்மையான சோதனைக்கு உட்படுத்த வேண்டும். கடைசியாக, கிடைத்த விடை மக்களின் விலைக்கும் நாக்குக்கும் நம்பிக்கைக்கும் ஒத்து வருமா என்று யோசிக்க வேண்டும். பிராடன் முதல் படியிலும், பிளெட்சரும் பிரேசரும் ஸ்டான்டனும் இரண்டாம் படியிலும் சிறந்து விளங்கினார்கள். மூன்றாம் படி இன்றும் பாதியில்தான் நிற்கிறது.

இந்த மூன்று படிகளும் நம் சமுதாயத்திற்கு இன்று தேவைப்படுகின்றன. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களே முதலிடத்தில் இருந்தார்கள். அன்று ஒரு நோயிலிருந்து நம்மைக் காத்த சோறே இன்று அளவு மீறிப் போகிறதா? சீனியும் பாலும் நிறைந்த தே தாரிக்கா? உடலுழைப்புக் குறைந்ததா? பரம்பரையா? வீட்டுக்கு வீடு ஆளுக்கொரு விடை சொல்கிறோம். பிராடனும் நஞ்சு என்று ஒரு விடை சொன்னார். சோதித்துப் பார்த்ததால்தான் உண்மை வெளிப்பட்டது.

மருத்துவம், சத்துணவு, பொருளாதாரம், புள்ளியியல் என்று பல துறைகளில் நம் மாணவர்கள் படிக்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் இறுதியாண்டு ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடி அலைகிறோம். நம் வீடமைப்புப் பகுதிகளிலும் எஞ்சியுள்ள தோட்டங்களிலும் தமிழ்ப்பள்ளிச் சிற்றுண்டிச் சாலைகளிலும் தலைப்புகள் தட்டில் பரிமாறப்பட்டுக் காத்திருக்கின்றன. அந்த மக்களிடம் அவர்கள் மொழியிலேயே கேட்டு, அவர்கள் சம்மதத்தோடு ஆராய்ந்து, கண்டதை அவர்களுக்கே தமிழில் திருப்பிச் சொல்லும் தகுதி நமக்கு இருக்கிறது. முன்னாள் மாணவர்கள் வழிகாட்ட முன்வந்தால், அடுத்த ஆண்டு மலரில் அத்தகைய ஆய்வு ஒன்றையாவது நாம் வெளியிடலாம்.